பதினோரு நாள் கொடுக்காத வண்டி

பஸ் ஷெட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தும் நாலு பேர் சேர்ந்து நிற்கிற இடத்தில் வாயைத் திறந்தவன் இல்லை. போன மாதம் நான் வேலையை விட்ட அன்று, கழுத்தில் மாலை போட்டு, "ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டீர்கள். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இப்போது எழுதுகிறேன். நேரில் என்றால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. வேலையை விடுகிற வயது இல்லை. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் நம் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. பஸ்ஸின் பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு இருக்கும். அதில் கரியைப் போட்டு எரித்து, அந்த வாயுவில் இன்ஜின் ஓடும். அந்த அடுப்பைத் தினமும் சுரண்டிச் சுத்தம் செய்தவர்களில் நானும் ஒருவன். கரித்தூள் நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிட்டது. இப்போது ஒரு சக்கரத்தைக் கழற்றினால் அரைமணி நேரம் மூச்சு வாங்குகிறது.

வால்வு தேய்ப்பதும் ரிங் மாற்றுவதும் கை பழகினால் வந்துவிடும். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வண்டி சரியான பிறகு மெக்கானிக் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அந்த யுத்த காலத்தில் எனக்கு ஒருமுறை தெரியாமல் போனது. அதனால் ஒரு மனிதருடைய வேலை போக இருந்தது. அவர் பெயர் ஞானமுத்து.

ஞானமுத்து ஐயா அம்மை குத்துகிறவர். தேனியில் சர்ச்சுக்குப் பின்னால் குடியிருந்தார். மனைவி, கல்யாணம் ஆகாத இரண்டு பெண்கள். வீரபாண்டி, கோட்டூர், சீலையம்பட்டி, பூமலைக்குண்டு என்று தெற்கே இருக்கும் ஊர்களெல்லாம் அவருடைய சர்க்கிள். குத்துகிற மருந்தான அம்மைப்பால் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் மதுரையிலிருந்து வரும். போடி ரயில் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டதால் எல்லாம் நம் பஸ்ஸில்தான். வெயில் ஏறினால் பால் கெட்டுவிடும். ஈரத்துணியில் சுற்றி, சைக்கிளில் வைத்துக்கொண்டு, அவர் ஊர் ஊராக ஓடுவார்.

ஒரு தடவை அவர் ஏறிப்போன மாட்டுவண்டி குடைசாய்ந்து, வலது இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நாலு மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுந்து நடந்தார், ஆனால் கம்பு ஊன்றித்தான். சைக்கிள் மிதிக்க முடியாது. ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சர்க்கிளைச் சொந்த வாகனத்தில் சுற்றிவர முடியாதவரை வேலையில் வைத்திருக்க முடியாது, மூன்று மாதத் தவணை தருகிறோம், மூன்றாம் மாதக் கடைசியில் ஹெல்த் ஆபீசர் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார் என்று. பென்ஷனுக்கு அவருக்கு இன்னும் நாலு வருஷ சர்வீஸ் பாக்கி.

போடிக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில், வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் ஒன்று இருபது வருஷமாகக் கிடந்தது. மோட்டார் சைக்கிள் என்றால் நீங்கள் இப்போது பார்க்கிற மாதிரி இல்லை. சாதாரண சைக்கிள்தான். பெடல் உண்டு, மணி உண்டு. சட்டத்துக்கு நடுவில் ஒரு சொம்பு அளவு இன்ஜின். அதிலிருந்து ஒரு பெல்ட் பின்சக்கரத்துக்குப் போகும். எஸ்டேட் கிளார்க் ஞானமுத்து ஐயாவிடம் ஊசி போட்டுக்கொண்டவர். "எடுத்துக்கிட்டுப் போங்க, எலிதான் குடியிருக்கு" என்று கொடுத்துவிட்டார். அது கோவேறு கழுதை முதுகில், மூன்று சாக்குகளில், துண்டு துண்டாக மலையிறங்கி வந்தது.

ஷெட்டில் வெளி வேலை பார்க்கக்கூடாது என்பது முதலாளி உத்தரவு. அதனால் அவர் அல்லிநகரத்தில் என் வீட்டுக்கே கொண்டுவந்தார். என் வீட்டில் ஒரு மாட்டுத் தொழுவம் இருந்தது, மாடு இல்லை. என் மனைவி இறந்த வருஷம் மாட்டை விற்றுவிட்டேன். அப்போதே அது நடந்து நாலு வருஷம். பிள்ளைகள் கிடையாது.

சாக்கைக் கொட்டிவிட்டு அவர் கேட்டார். "மேஸ்திரி, இது ஓடுமா?"

பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்தது. டாங்கியில் எலி வைக்கோல் சேர்த்திருந்தது. "பாப்போம்யா" என்றேன்.

"பாப்போம்னா, டாக்டர் சொல்ற பாப்போமா, சோசியர் சொல்ற பாப்போமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டில் நான் சிரித்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

ஏழு வாரம் ஆனது. ஷெட்டு விட்டு வந்து, பொழுது சாய்வதற்குள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வேலை. மண்ணெண்ணெய்க்கு ரேஷன், ஆகவே விளக்கேற்றி வேலை செய்ய முடியாது. பிஸ்டனைக் கழற்ற, விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் ஊறவைத்தேன். ரிங்குக்கு தண்ணீர் இறைக்கிற ஒரு பழைய இன்ஜினின் ரிங்கை வாங்கி அரத்தால் ராவி ராவி அளவுக்குக் கொண்டுவந்தேன். பெல்ட் எங்கும் கிடைக்கவில்லை. கமலையில் தண்ணீர் இறைக்கிற தோலை வாங்கி, வெட்டி, எண்ணெயில் ஊறப்போட்டு, மூன்று மடிப்பாகத் தைத்தேன். தண்ணீரிலும் வெயிலிலும் பழகிய தோல். எதற்கும் நீளாது.

ஞானமுத்து ஐயா தினமும் சாயங்காலம் வந்துவிடுவார். சர்ச்சிலிருந்து என் வீடு ஒன்றரை மைல் இருக்கும். கம்பு ஊன்றி வந்து, கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்னில், வலது காலை நீட்டிக்கொண்டு உட்காருவார். நான் வேலை செய்வேன். அவர் பேசுவார். எனக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. பேசத் தெரியாதவனுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

ஒருநாள் சொன்னார். "கோட்டூர்ல ஒரு ஆத்தா, மேஸ்திரி. என்னையக் கண்டதும் புள்ளையத் தூக்கித் தானியக் குலுக்கைக்குள்ள இறக்கி மூடிருச்சு. உள்ள கம்பு, சோளம் கெடக்கு போல. தூசி. புள்ள தும்மிருச்சு. யாரு ஆத்தா தும்முனதுன்னு கேட்டேன். எலிங்கய்யாங்குது. எலி தும்மி நான் கேட்டதில்லையே ஆத்தான்னேன். மறுபடி தும்மல். ஒங்க பேச்சக் கேட்டு அதுக்குச் சளி பிடிச்சிருச்சுங்குது."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, எலிக்கும் ரெண்டு குத்துக் குத்திட்டு வந்தேன்."

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாக்கா பால் விற்கிறவர். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவரும் கேட்டுச் சிரிப்பார். "ஏலே சுப்பையா, அந்த ஐயா வந்தாத்தான் ஒன் வீட்ல ஆளு இருக்கிறது தெரியுது" என்பார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இன்ஜின் முதல் தடவையாகப் பிடித்தது. பெட்ரோல் ஒரே ஒரு பாட்டில், முதலாளியிடம் கேட்டு வாங்கியது. தொழுவமே அதிர்ந்தது. பேச்சியம்மாக்காவின் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. ஞானமுத்து ஐயா கம்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். இன்ஜின் நின்றதும் அவர் முகத்தில் ஒரு கவலை வந்தது.

"மேஸ்திரி, இந்தச் சத்தத்தோட நான் போனா, ஊரு எல்லையில கேட்டதுமே புள்ளைகளத் தூக்கிக்கிட்டுச் சோளக்காட்டுக்குள்ள போயிருவாக. அங்கன நான் எருமைக்குத்தான் ஊசி போடணும்."

நியாயமான பேச்சு. ஞாயிறும் திங்களும் உட்கார்ந்து, தகர டப்பாவில் துளை போட்டு, உள்ளே தேங்காய் நார் அடைத்து, ஒரு சைலன்சர் செய்தேன். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வண்டியை வீரபாண்டி ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பாலம் வரை ஓட்டினேன். ஆற்றில் பெரியாற்றுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ரோட்டில் ஒருவரும் இல்லை. சத்தம் தையல் மிஷின் அளவுக்கு அடங்கியிருந்தது. திரும்பி வரும்போது இன்ஜின் ஒரு இடத்தில்கூட இருமவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். ஞானமுத்து ஐயா வந்தார். மகள் சுட்ட முறுக்கைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். டின்னில் உட்கார்ந்து, வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இது மட்டும் கைக்கு வந்துட்டா, அப்புறம் எனக்கு மூச்சு விட நேரமில்ல மேஸ்திரி. எட்டு மாசப் பாக்கி ஊருக கெடக்கு. விடிஞ்சா கெளம்பி, இருட்டித்தான் வீடு."

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கு, இனி அவர் உட்காராத அந்தக் காலி டின் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

"மேக்னெட்டோ சரியில்லைய்யா" என்றேன். "மதுரைக்கு அனுப்பணும்."

"அது என்னது?"

"தீப்பொறி குடுக்கிற சாமான். அது இல்லாட்டி ஓடாது."

"எத்தனை நாளாகும்?"

"பத்து நாள்."

ஒரு வார்த்தை யோசிக்கவில்லை. பொய் அவ்வளவு சுலபமாக என் வாயிலிருந்து வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவர் போன பிறகு மேக்னெட்டோவைக் கழற்றி, துணியில் சுற்றி, காலி அரிசிப் பானையில் வைத்து மூடினேன்.

அந்தப் பத்து நாளும் அவர் வந்தார். வண்டியில் வேலை இல்லாவிட்டாலும் இருக்கிற மாதிரி காட்ட வேண்டுமே. நான் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். டாங்கிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். காய்ந்ததும் மறுபடி அடித்தேன். அவர் மூத்த மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன கதையைச் சொன்னார். சிறு வயதில் கெங்குவார்பட்டியில் மாமா வீட்டுத் தோட்டத்தில் மாங்காய் திருடிய கதையைச் சொன்னார். இடையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இரண்டு அடி நடந்து, மறுபடி உட்காருவார். அவர் அந்தக் காலோடு போகவர மூன்று மைல் நடக்கிறார் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. எட்டியது, ஆனால் நான் அதைப் பக்கத்தில் வரவிடவில்லை. அப்படிச் சொல்வதுதான் சரி.

பேச்சியம்மாக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் பால் ஊற்ற வந்தவர், தூக்குச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "ஏலே, செவ்வாக்கிழம விடியக்காலம் அந்த வண்டிய ஓட்டிட்டு வந்தேல்ல?"

"ஆமாக்கா."

"ஐயாட்ட ஓடலைன்னு சொல்லிக்கிட்டு இருக்க?"

நான் பால் செம்பை நீட்டினேன்.

"இது என்னலே, சீர் வரலைன்னு பொண்ணத் தாய் வீட்டுக்கு அனுப்பாம வச்சிருக்கிற மாதிரி. குடுத்து விடு. பாவம் அந்த மனுசன்."

"குடுக்கிறேன்க்கா" என்றேன். கொடுக்கவில்லை.

நம் ஷெட்டில் அப்போது ஒரு ஹெட் ஃபிட்டர் இருந்தார். கோபக்காரர். என்னோடு அதிகம் பேசியதில்லை. எந்த வண்டி வேலை முடிந்தாலும், சாப்பாட்டு நேரமாக இருந்தாலும் சரி, தானே ஏறி அதை வெளியே ரோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வருவார். முடிந்த வண்டி உள்ளே நின்றால் அவனவன் மறுபடி கை வைப்பான், நல்லதும் கெட்டுப்போகும் என்று ஒருதடவை சொன்னார். நான் அந்தப் பத்து நாளில் அவர் செய்வதைத் தினமும் பார்த்தேன். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் மூன்றாவது கோட் பெயிண்ட் அடித்தேன்.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. "வந்திருச்சா மேஸ்திரி?" என்று கேட்டார். "இன்னும் வரலைய்யா" என்றேன். "சரி, மாசக் கடைசிக்கு இன்னும் நாள் கெடக்கு" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் அவர் ஷெட்டுக்கே வந்துவிட்டார். அதுவரை அங்கே வந்ததில்லை. வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. கரி அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"ஆபீசர் நாளைக்குக் காலையில வர்றாராம். பியூன் வந்து சொல்லிட்டுப் போறான். ஒம்பது மணிக்கு முசாபரி பங்களாவுல வண்டியோட நிக்கணுமாம். மேக்னெட்டோ?"

"வந்திருச்சுய்யா" என்றேன். "காலை பஸ்ல வந்துச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, "கர்த்தர் பெரியவர்" என்றார். என் கையை விடவில்லை.

லீவு சொல்லிவிட்டு அவரோடு வீட்டுக்கு வந்தேன். பானையிலிருந்து எடுத்து மாட்ட இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் அவரை வாசலில் நிற்கவைத்தேன், பானையை அவர் பார்த்துவிடக்கூடாது என்று.

அப்புறம்தான் நான் செய்தது என்ன என்று எனக்கு முழுசாகத் தெரிந்தது. அந்த வண்டியில் ஏறிக் கிளப்புவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். மிதிக்க முடிந்தவனுக்குச் சிரமம் இல்லை. நாலு மிதி மிதித்தால் பிடித்துக்கொள்ளும். மிதிக்க முடியாதவர் சீட்டைத் தாழ்த்திவைத்து உட்கார்ந்து, நல்ல காலால் தரையை உந்த வேண்டும். இடது கைப்பிடியில் ஒரு சின்ன லீவர் இருக்கிறது. அதை அழுத்தியிருந்தால் சக்கரம் லேசாக உருளும். மூன்று உந்து உந்தி, வேகம் வந்ததும் லீவரை விட்டால், இன்ஜின் பிடிக்கும். சீக்கிரம் விட்டால் சக்கரம் கட்டிக்கொண்டு ஆளைத் தள்ளிவிடும். லேட்டாக விட்டால் வேகம் செத்துப்போகும். எந்த நொடியில் விடுவது என்பதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. பத்து நாள் தினமும் பழகினால் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

அந்தப் பத்து நாள் அரிசிப் பானைக்குள் போய்விட்டது.

பொழுது சாயும்வரை அல்லிநகரம் ரோட்டில் பழகினார். பத்துத் தடவைக்கு இரண்டு தடவை பிடித்தது. பிடித்தால் ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை, நேராகப் போனார், திரும்பினார், நிறுத்தினார். கிளப்புவதுதான் வரவில்லை. மூன்று தடவை விழுந்தார். நான் பிடித்துத் தூக்கும்போதெல்லாம், "வந்திரும் மேஸ்திரி, வந்திரும்" என்று சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குப் போகாமல், ஆபீசர்கள் வந்து தங்குகிற அந்தப் பங்களாவுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கோட்டு. ஹெல்த் ஆபீசர் வயதில் சின்னவர். பட்டணத்து ஆள். கெட்டவர் இல்லை. படியில் நின்று வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லா இருக்கே. யார் பண்ணினது?"

"இந்த மேஸ்திரிதாங்கய்யா" என்று என்னைக் காட்டினார். நான் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றேன்.

"சரி. வீரபாண்டி பாலம் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வாரும். பார்க்கிறேன்."

ஞானமுத்து ஐயா கம்பைப் படியில் சாய்த்துவிட்டு ஏறினார். மூன்று உந்து. லீவரை விட்டார். சக்கரம் கட்டிக்கொண்டது. சமாளித்து நின்றார். மறுபடி. பிடித்த மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது. மூன்றாவது தடவை வலது பக்கமாகவே சாய்ந்து விழுந்தார். முழங்கையில் கோட்டு கிழிந்தது. அவரே எழுந்து, வண்டியைத் தூக்கி, நாலாவது தடவை உட்கார்ந்தார். அதுவும் இல்லை. ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, இங்கே வாரும். நீர்தானே செய்தது. உமக்குத் தெரியும். இது மெஷின் கோளாறா, ஆள் கோளாறா?"

இந்த இடத்தை நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். மெஷின் கோளாறு என்று சொல்லலாம். ஞானமுத்து ஐயாவின் மானம் பிழைக்கும். ஆனால் வாகனம் இல்லாதவர் என்று எழுதி அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெட்ரோல் ரேஷனுக்கான கூப்பனிலும் ஆபீசர் கையெழுத்து விழாது. ஆள் கோளாறு என்று சொல்லலாம். என் வேலை நல்ல வேலை என்று பெயர் வரும். ஓட்ட முடியாதவர் என்று எழுதி, அப்போதும் அவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். இரண்டு பதிலும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. சிறு வயதிலிருந்தே என்னைப் பார்த்து யாராவது கேள்வி கேட்டால் தலையைக் குனிந்து, கேட்டவர் விரும்புகிற பதிலைச் சொல்லித் தப்பிப்பதுதான் என் வழக்கம். அன்றைக்கு அப்படிச் சொல்ல ஒரு பதிலும் இல்லை.

"என் கோளாறுங்கய்யா" என்றேன்.

"என்ன?"

"வண்டி ரெடியாயிப் பதினோரு நாள் வீட்டுல கெடந்துச்சு. நான் குடுக்கல. சாமான் மதுரைக்குப் போயிருக்குன்னு பொய் சொன்னேன். வீட்டுலதான் இருந்துச்சு. ஐயா கைக்கு நேத்து மத்தியானம்தான் வண்டி வந்துச்சு. பத்து நாள் பழகினா எல்லாரும் ஓட்டலாம். பழக விடாதது நான்."

ஆபீசர் படியிறங்கி என் பக்கத்தில் வந்தார். "எதுக்காக வெச்சிருந்தீர்? கூலி தகராறா?"

"கூலி நான் கேக்கலைங்க."

"அப்புறம்?"

ஞானமுத்து ஐயா வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்காமல் புளியமரத்து வேரைப் பார்த்துச் சொன்னேன். "ஐயா தெனமும் சாயங்காலம் வந்து பேசிக்கிட்டு இருப்பாக. வண்டி கைக்குப் போயிட்டா வரமாட்டாக. அதான்."

பங்களா வாட்ச்மேன் சிரித்துவிட்டான். ஆபீசர் சிரிக்கவில்லை. "வண்டி ஏன் தயாராகலைங்கறதுக்கு இப்படி ஒரு காரணத்தை நான் கேட்டதில்லை" என்றார். பிறகு ஞானமுத்து ஐயாவிடம், "எத்தனை நாளில் பழகுவீர்?" என்று கேட்டார்.

"எட்டு நாள் கொடுங்கய்யா."

"கம்பம் போய்ட்டு அடுத்த திங்கட்கிழமை இந்த வழியாத்தான் திரும்பறேன். அன்னிக்குப் பாலம் வரைக்கும் போய் வரணும். இல்லாட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது." ஒரு காகிதத்தில் ஏதோ எழுதிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஞானமுத்து ஐயா கம்பை எடுத்து, வண்டியின் சட்டத்தோடு துண்டால் கட்டினார். முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. அதைத் துடைக்கவில்லை.

"நான் தள்ளிக்கிட்டு வர்றேன்யா" என்றேன்.

"வேண்டாம்."

கேட்வரை அவரே தள்ளிக்கொண்டு போனார். ஒவ்வொரு அடிக்கும் வண்டியின் மேல் சாய்ந்து சாய்ந்து. கேட்டில் நின்று, திரும்பாமலே சொன்னார்.

"மேஸ்திரி, ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்த வண்டியிலேயே தெனமும் வந்திருப்பேனே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் புரியவேண்டும் என்று சொன்ன மாதிரி இருந்தது. பிறகு சர்ச் ரோட்டில் திரும்பிவிட்டார். நான் அவர் பின்னால் போகவில்லை.

எட்டு நாளும் அவர் மனைவியும் மகள்களும் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, சர்ச் மைதானத்தில் பழகினாராம். பேச்சியம்மாக்கா பால் ஊற்றப் போன இடத்தில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஆபீசர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கூப்பனும் கிடைத்தது. பென்ஷன் வரும்வரை அந்த வண்டியில்தான் சர்க்கிளைச் சுற்றினார். ரோட்டில் எதிரே பார்த்தால் ஒரு கையை எடுத்து மரியாதையாகக் கும்பிடுவார். வண்டியை நிறுத்தமாட்டார். அதுவும் நியாயம்தான், நிறுத்தினால் மறுபடி உந்திக் கிளப்ப வேண்டும் என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்வேன். ஒரு வருஷம் கழித்து பெல்ட் அறுந்தபோது பெரியகுளத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் எடுத்துப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

தம்பிகளே, உங்களிடம் வண்டி கொண்டுவருகிறவர்களில் சிலர் நன்றாகப் பேசுவார்கள். உங்களுக்கும் வீட்டில் ஒருவரும் இல்லாமல் இருக்கலாம். வண்டி முடிந்தால் அந்த நிமிஷமே வெளியே கொண்டுபோய் நிறுத்திச் சாவியைக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு, வெட்கமாக இருந்தாலும், மறுபடி வாருங்கள் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். நான் சொல்லியிருந்தால் வந்திருப்பார். அவரே அப்படிச் சொன்னார்.

பங்களாவில் இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் கம்பம் பஸ்ஸுக்கு முன்பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்து வந்தது. நானும் இன்னொரு ஃபிட்டரும் மாற்றினோம். நாலு மணிக்கு வேலை முடிந்தது. ஹெட் ஃபிட்டர் வண்டியை வெளியே எடுத்தார்.